வாக்கெடுப்பு மணி

சித. வெ. ஏகப்பன் சட்டசபைக்குப் போன வருஷம்
பள்ளத்தூரில் மழை இல்லை.
வரி கட்டியவர்களுக்கே ஓட்டு.
ஆளுக்கொரு நிறத்தில் பெட்டி:
இவருக்கு மஞ்சள், எதிராளிக்குப் பச்சை.
பதினொரு ஓட்டில் ஜெயித்தார்.
மாலை போட்டவர்கள் கலைந்த பிறகு
உமையாள் ஆச்சி பாக்கு சீவிக்கொண்டே சொன்னாள்:
“நான் பச்சையில் போட்டேன்.”
அவள் பெயரில் ஒரு வீடு இருந்தது,
அவள் பெயரில் வரி, அதனால் அவளுக்கும் ஒரு சீட்டு.
கணவர் முகம் சுளிக்கவில்லை.
“மஞ்சளில் போட்டிருந்தால் பதின்மூன்று” என்றார்.
கூட்டல் கழித்தலில் அவர் தவறி
நான் பார்த்ததில்லை.

நான் அவருடைய எழுத்தன்.
மோல்மேன் பெட்டியடியில் அடுத்தாளாக இருந்து
காய்ச்சலோடு கப்பலேறித் திரும்பியவன்.
பேரேட்டுக்குப் பழகிய கை.
அந்தக் கையில்தான் கேள்விகள் எழுதினேன்,
திருச்சி வக்கீல் ஒருவர் இங்கிலீஷாக்கி அனுப்புவார்:
கனம் மெம்பர் தயைகூர்ந்து தெரிவிப்பாரா,
காரைக்குடி ஆஸ்பத்திரியில் மருத்துவச்சி வேலை
இரண்டு வருஷமாக ஏன் காலி?
கனம் மெம்பர் தெரிவிப்பாரா,
தாலுகாவில் வெட்டிய கிணறு எத்தனை,
அவற்றில் தண்ணீர் உள்ளவை எத்தனை?
பதில் அச்சில் வரும்:
அரசாங்கம் கவனித்து வருகிறது.

இருநூற்றுப் பத்தொன்பது கேள்விகள்.
மருத்துவச்சி மட்டும் வந்து சேர்ந்தாள்,
பாளையங்கோட்டை ரோசம்மாள்,
ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு குடை.
அவள் கையில் பிறந்த பிள்ளைகள் ஊரெல்லாம் உண்டு.
ஒன்றுக்கும் ஏகப்பன் என்று பெயரில்லை.

பிறகு அந்த மசோதா.
வட்டிக்கு ஒரு வரம்பு.
இரங்கூனிலிருந்து பங்காளிகளின் தந்தி:
யோசித்துச் செய்யவும்.
கல்லல் பக்கமிருந்து வீரணன் நடந்தே வந்தான்,
வேட்டி முடிச்சில் ஒரு நோட்டோடு.
வாங்கியது நாற்பது, கட்டியது நூற்றுப் பத்து,
நிற்பது அறுபது.
ஏகப்பன் திருப்பிப் பார்த்தார்.
மேலே பிள்ளையார் சுழி, கீழே அவர் அப்பச்சியின் கையெழுத்து,
நடுவே, கப்பலேறுமுன் நான் எழுதிய எழுத்து.
வீரணனுக்கு மோர் கொடுக்கச் சொன்னார்.
எனக்குக் காகிதம் எடுக்கச் சொன்னார்.

விடிய விடிய எழுதினோம்.
வரம்பு வேண்டும் என்று இரண்டரைப் பக்கம்.
“கடன் கொடுக்கிறவன் வீட்டிலிருந்தே இதைச் சொல்கிறேன்”
என்ற வரியை மூன்று முறை அடித்து
நான்காம் முறையும் அதையே எழுதச் சொன்னார்.

பார்வையாளர் மாடத்தில் நான்.
கீழே அவர், சட்டைப்பையில் இரண்டரைப் பக்கம்.
அவர் பெயரைத் தலைவர் கூப்பிட்டார்.
பேச ஒன்றுமில்லை என்று தலையசைத்தார்.
வாக்கெடுப்பு மணி அடித்தது.
அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்,
நடைவழிக்குப் போனார்,
மண்பானையில் தண்ணீர் மொண்டு குடித்தார்.
ஒரு தம்ளர்தான்.
அவ்வளவு மெதுவாகத் தண்ணீர் குடித்த மனிதனை
நான் அதற்குமுன் கண்டதில்லை.
மணி நின்றது. கதவு மூடினார்கள்.

பத்தொன்பது ஓட்டில் மசோதா தோற்றது.
விழுப்புரம் தாண்டியும் ரயிலில்
அவர் உதடு அசைந்துகொண்டே வந்தது.
“நான் போட்டிருந்தாலும் பதினெட்டு.”
நான் ஆமாம் என்றேன்.

வீட்டில் உமையாள் ஆச்சி கேட்டாள்:
“பச்சையா, மஞ்சளா?”
“தாகமாக இருந்தது” என்றார்.
அவள் உள்ளே போய்
ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து
அவர் முன்னால் வைத்தாள்.

வீரணன் கணக்கை மறுநாள் முடிக்கச் சொன்னார்.
அறுபது ரூபாய். தர்மத்தில் எழுதவா என்றேன்.
“என் சொந்தப் பற்றில் எழுது.”
மற்ற நோட்டுகள் இரும்புப் பெட்டியில் இருந்தன,
அவற்றைப் பற்றி அவரும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

அடுத்த தேர்தலுக்கு அவர் நிற்கவில்லை.
சபை நடவடிக்கைப் புத்தகம் தபாலில் வந்தது.
ஆதரித்தவர் ஒரு பத்தி, எதிர்த்தவர் ஒரு பத்தி.
இரண்டிலும் விரல் வைத்துத் தேடினார்,
இல்லையென்று தெரிந்தே.

அந்த இரண்டரைப் பக்கம் என்னிடம் இருக்கிறது.
யாரும் கேட்டதில்லை.
வீரணன் நோட்டில் மாதாமாதம்
வட்டி ஏற்றியவன் யார் என்றும்
யாரும் கேட்டதில்லை.
எனக்கு எந்த மணியும் அடிக்கவில்லை,
தண்ணீர் குடிக்க எழுந்து போக.